சவேரியார் கைவிடாத சொல்

மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராம் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வரலாற்றைக் கேளாமல் வளர்ந்த கத்தோலிக்கப் பிள்ளை நம் கடற்கரை ஊர்களில் இருக்க முடியாது. கையில் மணியுடன் தெருத்தெருவாய்ப் போனதும், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்ததும், கோவாவிலுள்ள பொம் ஜேசு பேராலயத்தில் அவரது திருவுடல் காக்கப்பட்டு வருவதும் ஆண்டுதோறும் டிசம்பர் 3-ம் நாள் பிரசங்கத்தில் நாம் கேட்பவையே. ஆனால் அப்புனிதர் சொற்களோடு பட்ட பாட்டைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஒரு நாட்டில், எல்லோருக்கும் பழகிய ஒரு சொல் தவறென்று கண்டு அதை மாற்றினார். மற்றொரு நாட்டில், ஊரார் கைகொட்டிச் சிரித்த ஒரு சொல்லை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய மனம் விளங்கும்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, அன்று தனியரசாயிருந்த நவாரில், சேவியர் என்னும் கோட்டையில் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள் அவர் பிறந்தார். கோட்டையின் பெயரே அவர் பெயராயிற்று. தாய்மொழி பாஸ்க்கு, அக்கம்பக்கத்து மொழிகள் எதனோடும் உறவில்லாத ஒரு மொழி அது. 1525-ல் பாரிஸ் மாநகருக்குப் படிக்கப் போனார். பேரும் பதவியும் தேடிப் போன அந்த இளைஞரை இஞ்ஞாசியார் பொறுமையுடன் வளைத்துப் பிடித்த கதை யாவரும் அறிந்ததே. 1534 ஆகஸ்டு 15-ம் நாள் மோன்மார்த்ர் குன்றில் ஏழு தோழர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தபோது சவேரியாரும் அவர்களில் ஒருவர். 1537-ல் குருப்பட்டம் பெற்றார். 1541-ல் தமது பிறந்தநாளன்றே லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, ஓராண்டுக்கு மேல் கடலிலும் மொசாம்பிக்கிலும் கழித்து, 1542 மே 6-ம் நாள் கோவாவில் இறங்கினார்.

அவ்வாண்டு அக்டோபரிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேதம் போதிக்க ஆளில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியாத நிலை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இவர்கள் மொழியும் தம் பாஸ்க்கு மொழியும் ஒன்றுக்கொன்று எட்டாதவை என்பதை அவரே உரோமைக்கு எழுதியிருக்கிறார். எனவே, கோவாவிலிருந்து உடன் வந்த தமிழறிந்த மாணவர்களையும் ஊரில் விவரம் தெரிந்தவர்களையும் கூட்டிவைத்து, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கினார். பிறகு தாமே அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு மணியைக் கையிலெடுத்தார்.

காலையும் மாலையும் மக்கள் கூடுவார்கள். அவர் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிரமாணத்தின் பன்னிரண்டு பிரிவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். எல்லோரும் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, உரத்த குரலில் ஆம் என்பார்கள். ஓர் ஊரை விட்டுப் புறப்படுமுன், எழுதத் தெரிந்தவர்களைக் கொண்டு செபங்களைப் படியெடுக்கச் செய்து, அவற்றைத் தினமும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை அமர்த்துவார். இவ்வாறுதான் நம் கணக்கப்பிள்ளைமார் தோன்றினார்கள். அவர்களுடைய சம்பளத்துக்குப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை அவர் கேட்டு வாங்கினார் என்பதையும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. அரசியார் விண்ணகம் ஏறுவதற்கு இதைவிட நல்ல பாதரட்சை கிடைக்காது என்பது அவர் எண்ணம்.

இப்படி ஊர் ஊராகப் பரவிய அந்தப் பிரமாணத்தில்தான் பிழை ஒன்று ஒளிந்திருந்தது. மொழிபெயர்த்தவர்கள் 'நம்புகிறேன்' என்னும் இடத்தில் 'வேணும்' என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் மார்பில் கைவைத்து, எனக்குக் கடவுள் வேணும், எனக்குக் கடவுள் வேணும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பக்தியும் இருக்கிறது. சந்தையிலும் வீட்டிலும் புழங்குகிற சொல். பிள்ளைக்கும் பாட்டிக்கும் விளங்கும். ஆனால் அது பிரமாணம் அன்று. வேண்டுமென்பது நம் ஆசையைச் சொல்கிறது. நம்புகிறேன் என்பதோ, நாம் ஆசைப்பட்டாலும் படாவிட்டாலும் உண்மையாயிருக்கிற ஒன்றுக்கு நம்மைக் கட்டிக்கொடுக்கிறது.

சவேரியார் இதைக் கண்டுபிடித்தவுடன், தமக்கு உதவியாயிருந்த மான்சிலாசு என்பவருக்கு 1544-ல் கடிதம் எழுதினார். 'வேணும்' என்பதை விட்டுவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடும்படியும், கிறிஸ்துநாதரின் பாடுகளைச் சொல்லுமிடத்தில் வலுக்கட்டாயத்தினால் என்று பொருள்படும் ஒரு சொல்லை எடுத்துவிடும்படியும் அதில் கட்டளையிட்டார். ஆண்டவர் பாடுபட்டது மனமுவந்து, கட்டாயத்தினாலன்று என்பது அவர் காட்டிய காரணம். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர், பசியும் வெயிலும் வடுகர் படையெடுப்பும் சூழ்ந்திருந்த காலத்தில், இரண்டே சொற்களுக்காக ஓலை அனுப்பியிருக்கிறார்! வாய்ப்பாடமாகப் பழகிய சொல்லை மாற்றுவது எவ்வளவு சங்கடம் என்பது, பூசை திருப்பலியாகவும் ஞானஸ்நானம் திருமுழுக்காகவும் மாறிய நாட்களைக் கண்டவர்களுக்குத் தெரியும். விசுவாசம் என்பது ஊர்ப்பேச்சில் எசமானுக்கு வேலையாள் காட்டுவதும், ஏன், நாய் காட்டுவதும்கூட. இருந்தும் அச்சொல் இறங்கி நின்றுவிட்டது. நாய்க்கு இருக்கும் குணத்தைச் சொல்கிறது என்பதற்காக இன்று யாரும் அதைப் பிரமாணத்திலிருந்து எடுக்கச் சொல்வதில்லை.

1545-ல் மலாக்காவுக்கும், அடுத்த ஆண்டு மொலுக்காத் தீவுகளுக்கும் சவேரியார் சென்றார். அங்கே அவர் பட்ட அல்லல்கள் தனி நூலுக்குரியவை. 1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் சப்பானியர் அவரைத் தேடி வந்தார். சொந்த ஊரில் ஒரு கொலையில் அகப்பட்டு, போர்த்துக்கீசியர் கப்பலில் தப்பி ஓடிவந்தவர். மனச்சாட்சி அவரை விடவில்லை. 1548-ல் தூய ஆவியார் திருநாளன்று கோவாவில் ஞானஸ்நானம் பெற்றுப் பவுல் என்று பெயர் பூண்டார். கூர்மையான அறிவும் உண்மையான பக்தியும் உள்ளவர். ஆனால் தம் நாட்டுச் சமய நூல்களைக் கற்றவரல்லர். இதை நாம் மறந்துவிடக் கூடாது. ஏனெனில் 1549 ஆகஸ்டு 15-ம் நாள் சவேரியார் ககோசிமாவில் கரையிறங்கியபோது, அவருக்கிருந்த நாவெல்லாம் இந்தப் பவுல் ஒருவர்தான்.

கடவுளைச் சப்பானிய மொழியில் என்னவென்று சொல்வது? பவுல் 'தைநிச்சி' என்ற பெயரைக் கொடுத்தார். மகா சூரியன் என்று பொருள். சுவர்க்கம், நரகம், சம்மனசு ஆகியவற்றுக்கும் புத்த சமயத்தில் வழங்கிய சொற்களையே எடுத்துத் தந்தார். அவர்மேல் குற்றமில்லை. தம் ஊரில் அவர் கேட்ட சொற்களுள் உயர்ந்தவற்றை எடுத்துத் தம் புதிய ஆண்டவருக்குச் சூட்டினார். சவேரியார் அதை ஏற்றுக்கொண்டு, இலத்தீன் எழுத்தில் எழுதிவைத்த போதனையைக் கோயில் வாசலிலே உட்கார்ந்து உரக்க வாசித்தார். உச்சரிப்பைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். நாங்கள் இவர்கள் நடுவே சிலைகள்போல் இருக்கிறோம் என்ற கருத்தில் அவர் அங்கிருந்து கடிதம் எழுதினார். ஆயினும் ஓராண்டில் நூறு பேர் வரையில் திருமறையில் சேர்ந்தார்கள். பிறகு அந்நாட்டுத் தலைவர், இனி யாரும் சேரக்கூடாது என்று மரணதண்டனையோடு தடைவிதித்தார்.

அங்கிருந்து கிராடோ, யமகுச்சி வழியாக, கடுங்குளிரில் கால்நடையாகத் தலைநகர் மியாக்கோவுக்குப் போனார். பேரரசரைக் காணலாம், அனுமதி பெறலாம் என்று நம்பிச் சென்றவர், போரினால் பாழ்பட்ட நகரத்தைத்தான் கண்டார். பதினோரு நாளில் திரும்பினார். அப்போது அவர் செய்த ஒன்று கவனிக்கத்தக்கது. கந்தை உடுத்த துறவியை இந்நாட்டுப் பெரியோர் மதிக்கவில்லை என்று கண்டு, 1551-ல் யமகுச்சிக்கு மறுபடி வந்தபோது நல்ல உடை உடுத்து, அரசுத் தூதருக்குரிய கடிதங்களோடும், கடிகாரம், இசைக்கருவி முதலிய பரிசுகளோடும் ஔச்சி யோசிதக்கா என்ற பிரபுவின் அரண்மனைக்குள் நுழைந்தார். பிரபு மகிழ்ந்து, வெள்ளியும் பொன்னும் கொடுத்தார். சவேரியார் அவற்றைத் தொடவில்லை. போதிக்க அனுமதி மட்டும் கேட்டார். அதுவும் கிடைத்தது, தங்குவதற்கு ஆளில்லாத மடம் ஒன்றும் கிடைத்தது. உடையை மாற்றத் தயங்காதவர் அவர். பழக்கவழக்கத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாத பிடிவாதக்காரர் என்று அவரை நினைப்பவர்கள் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யமகுச்சியில் ஷிங்கோன் என்னும் பிரிவைச் சேர்ந்த புத்த துறவிகள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அவர் சொல்லும் தைநிச்சியைத்தான் தாங்களும் வணங்குவதாகவும், மொழியும் உடையும் வேறே தவிர இரண்டும் ஒன்றே என்றும் சொன்னார்கள். மடத்துக்கு அழைத்து உபசரித்தார்கள். வேறொருவராயிருந்தால், தேவ கிருபை என்று நன்றி சொல்லிவிட்டு அந்த உபசாரத்தை ஏற்றுக்கொண்டிருப்பார். சவேரியாருக்கு அங்கேதான் ஐயம் பிறந்தது. நாம் சொல்வது இவ்வளவு சுளுவில் இவர்களுக்குப் பிடித்துப்போனால், நாம் சொல்வதை இவர்கள் கேட்கவில்லை என்றுதானே பொருள்?

எனவே, பரிசுத்த திரித்துவத்தைப் பற்றியும், இரண்டாம் ஆள் மனிதனாகப் பிறந்து சிலுவையில் மரித்ததைப் பற்றியும் அவர்களிடம் விசாரித்தார். அவர்கள் அதைக் கட்டுக்கதை என்று கருதி நகைத்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளியாயிற்று. அவர்கள் வணங்கும் தைநிச்சி, வடமொழி நூல்கள் மகா வைரோசனர் என்று குறிப்பிடும் புத்தர். உலகம் முழுவதும் அவரே. உலகத்தைப் படைத்து அதற்கு அப்பால் நிற்கும் ஒருவரல்லர். அந்தச் சமயத்தின் தத்துவம் ஆழமானது, அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் அது ஒன்று, இது ஒன்று. இரண்டாண்டுகளாகத் தம் வாயாலேயே மக்களை வேறொருவரிடம் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று கண்ட அந்த மனிதரின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

அன்றே அவர் தம் தோழர் சகோதரர் யுவான் பெர்னாந்தசைத் தெருவுக்கு அனுப்பி, தைநிச்சியை வணங்க வேண்டாம் என்று அறிவிக்கச் செய்தார். அதற்குப் பதில் எந்தச் சொல்? 'காமி' என்றால் மலைக்கும் ஆற்றுக்கும் உரிய தேவதைகள். 'ஹொதொகே' என்றால் புத்தர். உள்ளூர்ச் சொல் ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளைச் சுமந்துகொண்டு நின்றது. சவேரியார் தமக்குத் தெரிந்த இலத்தீன் சொல்லையே எடுத்தார்: தேயுஸ். சப்பானியர் நாவில் அது 'தெயுசு' ஆயிற்று. அவர்களுக்கு அது ஒரு பொருளும் இல்லாத வெறும் ஓசை.

பொருள் இல்லாததோடு போயிருந்தால் பரவாயில்லை. எதிரிகள் அதற்கு ஒரு பொருள் கண்டுபிடித்தார்கள். 'தைஉசோ' என்றால் அவர்கள் மொழியில் பெரும் பொய். இந்தப் பரதேசிகள் பெரும் பொய்யை வணங்கச் சொல்கிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. தெருவில் போனால் பிள்ளைகள் பின்னால் வந்து கேலிசெய்தார்கள். உபசரித்த மடத்தின் கதவும் அடைபட்டது. தாம் உயிராய் மதிக்கும் கடவுளின் பெயரை வாயெடுத்துச் சொல்லும்போதெல்லாம் பொய் என்ற சொல்லே கேட்பவர் காதில் விழுமானால், எந்தப் போதகருக்கும் நா எழாது. நல்ல சப்பானியச் சொல் ஒன்றை மறுபடி தேடிப் பார்க்கலாமே என்று நண்பர்களே சொல்லக்கூடிய நேரம்.

அவர் அச்சொல்லை விடவில்லை. இக்கட்டுரையை எழுதுபவருக்குத் தோன்றுவது இதுதான்: கேலிக்கு ஆளான சொல், நம்மைப் பற்றித்தான் தவறாக எண்ண வைக்கிறது. அழகான இரவல் சொல்லோ, கடவுளைப் பற்றியே தவறாக எண்ண வைக்கிறது. முன்னதைப் போதனையினாலும் நடத்தையினாலும் நாளடைவில் துடைத்துவிடலாம். பின்னதை, கேட்டவர் மகிழ்ந்து வீட்டுக்குப் போனபின் துடைப்பது எப்படி? மேலும் வெறும் ஓசையாயிருக்கும் சொல்லைக் கேட்டவன், அது என்ன என்று கேட்டே தீரவேண்டும். யமகுச்சியில் அப்படியே நடந்தது. காலையிலிருந்து இரவுவரை மடம் நிறைய ஆட்கள் வந்து, தேயுஸ் யார், எங்கே இருக்கிறார், நல்லவரானால் தீமையை ஏன் விட்டுவைத்தார் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். சவேரியாருக்கு உண்ணவும் உறங்கவும் நேரமில்லை. இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 500 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுள் ஒருவர் பார்வை குன்றிய யாழ்ப்பாடகர். லொரென்சோ என்ற பெயரில் பின்னர் இயேசு சபைச் சகோதரராகி, சப்பானியர் தம் சொந்த நாவினால் தேயுஸ் பெயரை விளக்கச் செய்தவர் அவரே.

வெளிப்படையாகப் பேசுவதற்குச் சவேரியார் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. புதிய கிறிஸ்தவர்கள், இறந்துபோன தம் தாய் தந்தையரின் கதி என்ன என்று கேட்டார்கள். நரகத்திலிருந்து மீட்சி இல்லை என்று அவர் மழுப்பாமல் சொன்னார். அவர்கள் அழுதார்கள். அந்த அழுகையைக் கண்டு தாமும் வருந்தியதாக அவர் எழுதியிருக்கிறார். கொலையும் களவும் தீயவை என்பது யாரும் போதிக்காமலே மனித இதயத்தில் எழுதப்பட்டுள்ளது, ஆகவே கடவுள் யாரையும் முற்றிலும் கைவிடவில்லை என்றும் விளக்கினார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மனச்சாட்சியின்படி நடந்தால் மீட்படையலாம் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கூறியிருக்கிறது. இந்த ஆறுதலை அந்த மக்களுக்கு அவர் இன்னும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அழுகிறார்களே என்பதற்காகப் பொருள் மாறிய சொல்லைக் கொடுத்து அனுப்ப அவர் மனம் துணியவில்லை. நம்மிடையே 'ஐயோ பாவம்' என்று இரக்கத்துக்குச் சொல்லிச் சொல்லி, பாவம் என்ற சொல்லே தேய்ந்துவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் அதைச் சொல்லக் கூசி, பலவீனம் என்றும் குறைபாடு என்றும் சொல்லித் தப்பிக்கிறோம். பலவீனத்துக்கு மருந்து உண்டு. மன்னிப்பு வேண்டியது பாவத்துக்கு மட்டும்தான்.

சவேரியார் செய்ததே ஒரே வழி என்று சொல்ல வரவில்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகள், அதாவது இராபர்ட் தெ நொபிலி, சர்வேசுரன் என்ற சொல்லை இந்த மண்ணிலிருந்தே எடுத்து ஆண்டார். தலைமுறை தலைமுறையாக நம் பாட்டிமார் அப்பெயரைச் சொல்லியே செபித்தார்கள். ஆனால் நொபிலி சுவாமிகள் சமஸ்கிருதமும் தமிழும் ஆண்டுக்கணக்கில் கற்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே எடுத்தார். ககோசிமாவில் அந்த நிறுவை நடக்கவில்லை. அதற்கு ஆளும் இல்லை, காலமும் இல்லை.

1551 நவம்பரில் சவேரியார் சப்பானை விட்டுப் புறப்பட்டார். 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில், பெரும் பொய் என்ற அந்தக் கேலியை ஒளிக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். பின் சீனாவுக்குள் நுழைய எண்ணி, அதன் கரைக்கெதிரே உள்ள சான்சியான் தீவில் காத்திருந்து, 1552 டிசம்பர் 3-ம் நாள், அந்தோணி என்ற சீனக் கிறிஸ்தவர் ஒருவர் அருகிலிருக்க, ஓலைக்குடிசையில் உயிர்துறந்தார். வயது 46. 1622-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

சப்பானில் அவருக்குப் பின் வந்த குருக்கள் அதே வழியில் சென்றார்கள். 1555-ல் பல்தசார் காகோ சுவாமியார், பொருள் மயக்கம் தரும் சொற்கள் ஐம்பதுக்கு மேல் இருப்பதாகக் கண்டு அவற்றை மாற்ற முற்பட்டார். ஆன்மாவுக்கு அனிமா, தேவ வரப்பிரசாதத்துக்குக் கராசா என்று வழங்கலாயிற்று. 1614-ல் கிறிஸ்தவ மறை நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. குருக்கள் துரத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். நூல்கள் எரிக்கப்பட்டன. விசுவாசிகள் தலைமறைவாயினர். தந்தை மகனுக்கும் தாய் மகளுக்கும் 'ஒராஷோ' என்ற பெயரில் செபங்களை வாய்மொழியாகவே கொடுத்துவந்தார்கள். ஒராஷோ என்பதும் செபம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் திரிபே. அவற்றில் பல சொற்களின் பொருள் மறந்துபோயிருந்தது, ஓசை மறக்கவில்லை.

1865 மார்ச்சு 17-ம் நாள், நாகசாகியில் ஔரா என்னுமிடத்தில் அயல்நாட்டாருக்கெனப் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்கு, உரக்கமி ஊர்க் குடியானவர்கள் சிலர் வந்தார்கள். அங்கிருந்த பெத்தித்சான் சுவாமியாரிடம் ஒரு பெண் மெதுவாக நெருங்கி, தங்கள் இதயமும் அவர் இதயமும் ஒன்றே என்று சொல்லி, சாந்தா மரியாவின் சுருபம் எங்கே என்று கேட்டாள். சாந்தா மரியா, தெயுசு, செசுசு. இருநூற்றைம்பது ஆண்டு கழித்து, ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள அந்த வெறும் ஓசைகள் போதுமாயிருந்தன. சீனத்திலிருந்து எடுத்த அழகிய புதுச் சொற்களை வழங்கலாம் என்று சில குருக்கள் எண்ணியபோது, பெத்தித்சான் சுவாமியார் பழைய சொற்களையே தம் செபநூல்களில் அச்சிட்டார். பின்னாளில் சப்பானியத் திருச்சபை 'தென்ஷு' என்றும், இருபதாம் நூற்றாண்டில் 'காமி' என்றும் சொல்லப் பழகிற்று. ஆனால் தலைமறைவுக் கிறிஸ்தவர்களின் வழியில் வந்த தீவுக் குடும்பங்கள் சிலவற்றில் ஒராஷோ ஓதும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் தொடர்ந்தது. தெயுசு என்ற சொல்லும் அதனோடு தொடர்ந்தது.